ஏஜென்சி வக்கீலுக்கு எதிரா நானே வாதாடலாமா?

கேள்வி: அமெரிக்காவுல ஒரு ஃபெடரல் ஏஜென்சியில ஜிஎஸ்-12ங்கற சம்பள கிரேடுல இருக்கேன். ஜிஎஸ்-13 போஸ்ட்டுக்கு இன்டர்வியூ போனப்போ, என் ஆக்சென்ட் வெளியாளுங்களுக்குப் புரியாதுன்னு மீட்டிங்லயே சூப்பர்வைசர் சொன்னாரு. கடைசில என்னைவிட அனுபவம் கம்மியானவருக்கு குடுத்துட்டாங்க. கம்ப்ளைன்ட், இன்வெஸ்டிகேஷன் எல்லாம் முடிஞ்சு இஇஓசி (வேலையில பாகுபாடு கேஸைப் பாக்கற ஃபெடரல் கமிஷன்) ஜட்ஜ் போட்டாச்சு. வக்கீல் கேக்கற அட்வான்ஸ் என்னால கட்ட முடியாது. நானே பேசலாமா? நடுவுல அழுதுடுவேனோன்னு பயமா இருக்கு.
— வாசகி, மேரிலாண்ட்

பதில்: தாராளமா பேசலாம், வக்கீல் வெச்சே ஆகணும்னு ரூல் கிடையாது. அழுதா அழுங்க, ரெண்டு நிமிஷம் பிரேக் கேட்டா குடுப்பாங்க. ஜூரி கிடையாது, வெளியாளுங்க வேடிக்கை பாக்க வர முடியாது, வீடியோவுலயே நடக்கறதும் சகஜம்.

எனக்கு பயம் வேற இடத்துல. தனியா நிக்கறவங்க கேஸ் நிறைய, ஹியரிங் வரைக்கும் போகாமலே பேப்பர்ல தோத்துடுது. ஏஜென்சி வக்கீல் சமரி ஜட்ஜ்மென்ட் மோஷன்னு ஒண்ணு போடுவாரு, அதாவது இதுல விசாரிக்க எதுவும் இல்ல இப்பவே முடிச்சிடுங்கன்னு கேப்பாரு, பதில் போட பொதுவா 15 நாள்தான், ஜட்ஜ் ஆர்டர்ல வேற தேதி இருந்தா அதான் கணக்கு. அந்தப் பதில்ல "எனக்கு அநியாயம் நடந்துச்சு"ன்னு பக்கம் பக்கமா கொட்டுனா பிரயோஜனமே இல்ல. அவங்க சொல்ற ஒவ்வொரு விஷயத்துக்கும் எதிரா இன்ன பக்கம், இன்ன மெயில்னு காட்டணும், உங்க கண்ணால பாத்ததை பொய் சொன்னா தண்டனைக்கு உட்படுறேன்னு டிக்ளரேஷனா எழுதி கையெழுத்துப் போட்டு சேக்கணும்.

அந்த மெயிலெல்லாம் எங்க இருக்குன்னா ஏஜென்சிகிட்டதான் இருக்கு. அதனால டிஸ்கவரி, அதாவது எதிர்தரப்புகிட்ட இருக்கற ஆதாரத்தைக் கேட்டு வாங்கற கட்டம், அந்தத் தேதிய கோட்டை விட்டுடாதீங்க. இன்டர்வியூ பேனல் ஒவ்வொருத்தரோட ஸ்கோர் ஷீட், செலக்ட் ஆனவரோட ரெஸ்யூமே, பேனலும் சூப்பர்வைசரும் அந்தப் போஸ்ட்டைப் பத்தி எழுதிக்கிட்ட மெயில், இதெல்லாம் எழுத்துல கேளுங்க. இன்வெஸ்டிகேஷன் ரிப்போர்ட்ல இருக்கும்னு நம்பி உக்காந்துடாதீங்க, பல ரிப்போர்ட் தடிமனா இருக்கும், உள்ள வேணுங்கறது இருக்காது.

அவங்க "இவரைவிட அவர் பெட்டர்"னு ஒரு காரணம் சொல்லுவாங்க. நீங்க சொல்ற கதை எவ்ளோ சோகம்ங்கறது கணக்கே இல்ல, அந்தக் காரணம் சாக்குன்னு காட்டணும், அவ்ளோதான் கேஸ். ஆக்சென்ட் விஷயத்துல உங்களுக்கு ஒரு பிடி இருக்கு, வேலை செய்யறதையே நிஜமா பாதிச்சாதான் ஆக்சென்ட்டை காரணமா வெக்கலாம்ங்கறது இஇஓசியோட நிலைப்பாடு. போன வருஷ அப்ரைசல்ல கம்யூனிகேஷனுக்கு அதே சூப்பர்வைசர் என்ன போட்டிருக்காருன்னு எடுத்துப் பாருங்க. நல்ல மார்க்னா அதான் உங்க முதல் எக்ஸிபிட், அதாவது ஆதாரம்.

சூப்பர்வைசரை கிராஸ், அதாவது குறுக்கு விசாரணை, பண்ணும்போது "ஏன் சார் அப்படி பண்ணீங்க"ன்னு மட்டும் கேக்கவே கேக்காதீங்க, பத்து நிமிஷம் லெக்சர் குடுத்துட்டுப் போயிடுவாரு. ஆமா இல்லன்னு மட்டும் சொல்ற மாதிரி கேளுங்க. "இந்த அப்ரைசல்ல இருக்கறது உங்க கையெழுத்துதானே? தேதி இதுதானே? மூணு மாசம் கழிச்சுதானே ஆக்சென்ட் புரியாதுன்னு சொன்னீங்க?" அதோட நிறுத்திடுங்க. விளக்கம் குடுங்கன்னு கேக்கணும்னு கை அரிக்கும், வேணாம்.

இன்னொண்ணு, ஜட்ஜுக்கு தனியா மெயில் போடாதீங்க, எது அனுப்புனாலும் எதிர் வக்கீலுக்கும் போகணும். சாட்சி லிஸ்ட்ல "நல்ல பொண்ணு"ன்னு சொல்ற ஃப்ரெண்ட்ஸ் எல்லாரையும் போட்டா வெட்டிடுவாங்க, மீட்டிங்ல இருந்து காதால கேட்ட ரெண்டு பேர் போதும்.

காசு விஷயம். வக்கீல் வெச்சு ஜெயிச்சா ஃபீஸை ஏஜென்சி குடுக்கணும், நீங்களே வாதாடுனா உங்க உழைப்புக்கு ஃபீஸ் கிடையாது. ஆனா முழு கேஸையும் ஒப்படைக்காம அந்த மோஷன் பதிலை மட்டும் மணிக்கணக்குல பாத்துக் குடுக்கற வக்கீலுங்க இருக்காங்க, மொத்த சேமிப்புல செலவு பண்ணணும்னா நான் அதுக்குத்தான் பண்ணுவேன்.

அப்புறம், கேஸ் தயார் பண்ண நியாயமான அளவு அஃபிஷியல் டைம், அதாவது சம்பளத்தோட ஆபீஸ் நேரம், உங்க உரிமை, லீவு போடாம அதை மெயில்ல கேளுங்க. டிராஃப்ட்டை மட்டும் ஆபீஸ் லேப்டாப்ல வெக்காதீங்க.