போருக்குப் பின் வர வேண்டிய பணம்: வாசகர் கேள்விகள்

என் தம்பி எல்லைச் சண்டையில் இறந்து நாலு மாதம் ஆகிறது. ஒரு தொகை வந்தது. மிச்சம் என்ன, யாரிடம் கேட்பது என்று அவன் மனைவிக்குத் தெரியவில்லை.
– வாசகர், மண்டபம்

எல்லாப் பணமும் ஒரே இடத்திலிருந்து வராது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. தொகையைக் கேட்கும் முன், யூனிட் வெளியிட்ட பார்ட் டூ ஆர்டரின் (வீரரின் பணி, படி, இறப்பு முதலியவற்றைப் பதிவு செய்யும் அதிகாரபூர்வ ஆணை) நகலைக் கேட்டு வாங்குங்கள். இறப்பு அதில் ‘பேட்டில் கேஷுவாலிட்டி’, அதாவது போர்க்கள இழப்பு, என்று பதிவாகியிருக்க வேண்டும். அப்படியிருந்தால் குடும்ப ஓய்வூதியம், கடைசியாக வாங்கிய சம்பளம் முழுவதும், அகவிலைப்படி தனி. பணியால் நேர்ந்த விபத்து என்று எழுதிவிட்டால் 60 சதவீதம்தான். எல்லைச் சண்டைக்கான கருணைத்தொகை 35 லட்சம். எனவே பதிவு தவறாக இருந்தால் முதலில் அதைத் திருத்த எழுதுங்கள்.

சம்பளப் பாக்கி, சேமநிதி, 300 நாள் வரையிலான விடுப்புச் சம்பளம் ஆகியவற்றை ரெஜிமெண்டின் சம்பளக் கணக்கு அலுவலகம் முடித்துத் தரும். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் அது நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. காப்பீடு ஆர்மி குரூப் இன்சூரன்ஸிலிருந்து தனியாக வரும். ஓய்வூதியத்துக்கும் பணிக்கொடைக்கும் ரெஜிமெண்டின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ் காகிதம் அனுப்ப, பிரயாக்ராஜில் உள்ள ராணுவ ஓய்வூதியக் கணக்கு அலுவலகம் ஒப்புதல் தரும். அதை ராணுவ ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் பார்க்கலாம். 5 முதல் 11 ஆண்டு பணி செய்தவருக்குப் பணிக்கொடை 12 மாதச் சம்பளம். 11 முதல் 20 வரை என்றால் 20 மாதச் சம்பளம்.

காப்பீடும் சேமநிதியும் நாமினிக்குத்தான் போகும். பையன்கள் சேரும்போது அம்மா பெயரை எழுதுகிறார்கள், கல்யாணத்துக்குப் பிறகு மாற்றுவதில்லை. ஓய்வூதியம் மனைவிக்கும் காப்பீடு அம்மாவுக்கும் போய், ஒரே வீட்டுக்குள் பகை மூளுவது பெரிய கொடுமை. பணியில் இருக்கும் பிள்ளைகளிடம் இன்றே சொல்லுங்கள்.

அடுத்த இடறல் பெயர். பட்டாளப் பதிவில் தகப்பன் பெயர் விரித்து எழுதியிருக்கும், ஆதாரில் இனிஷியல் மட்டும் நிற்கும். மனைவி பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் ஸ்பர்ஷில் கோப்பு நின்றுவிடும். பட்டாளத்தில் இருக்கும் குடும்பத்தினர் பட்டியலான கின்ட்ரெட் ரோலில் உள்ள பெயர்தான் அடிப்படை. ஆதார், வங்கிப் புத்தகம், பான் மூன்றையும் அதற்கு ஒத்துவரச் செய்யுங்கள். ராமநாதபுரம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இதற்கு உதவுவார்கள்.

இறுதிக் கணக்கில் பெரிய தொகையைப் ‘பற்று’ என்று பிடித்துவிட்டார்கள். இது சரியா?
– வாசகி, கீழக்கரை

சரியாகவும் இருக்கலாம். போர்முனைப் படிக்கு உரியவர் அங்கிருந்து கிளம்பிய நாளை யூனிட் தாமதமாகப் பதிவு செய்தால், படி அதுவரை கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். பிறகு மொத்தமாகப் பிடிப்பார்கள். களத்தில் ரொக்கமாக வாங்கிய முன்பணத்தின் கையெழுத்துப் பட்டியலும் மாதக் கணக்கில் தாமதமாக வரும். இறப்புச் செய்தி பதிவாகும் முன் வங்கிக்கு வந்த சம்பளமும் திரும்பக் கழியும்.

ஆனால் காரணம் சொல்லாமல் பிடித்ததை ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு பற்றுக்கும் எந்த பார்ட் டூ ஆர்டர், என்ன எண், என்ன தேதி என்று கேட்டு, சம்பளக் கணக்கேட்டின் நகலையும் கேளுங்கள். கடிதத்தின் தலையில் ஆர்மி நம்பர், அடுத்து ரேங்க், பெயர், யூனிட். ஆர்மி நம்பர் இல்லாத கடிதம் மேசையை விட்டு நகராது. போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டருடன் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

தாத்தா மலேயாவில் நேதாஜி படையில் இருந்தார். அவருக்குச் சம்பளப் பாக்கி உண்டா?
– வாசகர், தொண்டி

அவர் பிழைக்கப் போன இடத்தில் படையில் சேர்ந்தவரா, பிரிட்டிஷ் இந்திய ராணுவத்திலிருந்து போர்க்கைதியாகி அங்கே சேர்ந்தவரா என்பதைப் பொறுத்தது. நம் கரையிலிருந்து தோட்டத்துக்கும் கடைக்கும் போய்ச் சேர்ந்தவர்கள் ஏராளம். அவர்களுக்கு இந்திய ராணுவத்தில் சம்பளக் கணக்கே கிடையாது. பாக்கி என்ற பேச்சுக்கும் இடமில்லை. போர்க்கைதியாக இருந்து சேர்ந்தவர்களை பிரிட்டிஷார் விசாரித்து, தங்களுக்கு விசுவாசமானவர் முதல் எதிரானவர் வரை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று வகை பிரித்தார்கள். கறுப்பு வகையில் சேர்த்துப் பணிநீக்கம் செய்தவர்களின் கைதிக்காலச் சம்பளத்தைப் பறித்தார்கள். டெல்லி செங்கோட்டையில் நடந்த முதல் விசாரணையில் நேதாஜி படை அதிகாரிகள் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவரின் ஆயுள் தண்டனை 1946 ஜனவரியில் தள்ளுபடியானது. பதவியும் சம்பளப் பாக்கியும் பறிபோனது அப்படியே நின்றது. நாட்டுக்காக நின்றவர்களுக்கு இழைத்த அநீதி அது.

1972-ல் வந்த மத்திய அரசின் தியாகி ஓய்வூதியம் தனி. தியாகிக்குப் பின் அது மனைவிக்கும் திருமணமாகாத, ஆதரவற்ற மகளுக்கும் போகும். பேரன் பேத்திக்குக் கிடையாது. ‘வாங்கித் தருகிறேன்’ என்று வருகிற தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

அப்பாவின் உயிர்வாழ் சான்றுக்கு விரல் ரேகை விழவில்லை.
– வாசகர், தேவிபட்டினம்

வலை இழுத்துத் தேய்ந்த விரலுக்கு இது வழக்கம். மின்னணு உயிர்வாழ் சான்று தரும் ஜீவன் பிரமாணில் முகப் பதிவு முறை உண்டு. செல்போனில் ஆதார் ஃபேஸ் ஆர்.டி., ஜீவன் பிரமாண் இரண்டு செயலிகளையும் இறக்கி, முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்காரவைத்து எடுங்கள். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் இருண்டு தோற்றுவிடும். ஓய்வூதியம் வழங்கும் அமைப்பு என்று கேட்கும் இடத்தில் ஸ்பர்ஷுக்கு உரியதைத் தேர்ந்தெடுங்கள். பழைய வங்கியைத் தேர்ந்தெடுத்தால் சான்று அங்கே போய்க் கிடக்கும், ஓய்வூதியம் நின்றுவிடும்.