மாணவர்கள் கட்டும் ட்ரோனுக்கு மோட்டாரையும் புரொப்பெல்லரையும் எப்படித் தேர்ந்தெடுப்பது?

1000 கேவி மோட்டாரையே வாங்குங்கள். 450 மி.மீ. சட்டகம், 3எஸ் லிபோ பேட்டரி (மூன்று செல்களை வரிசையாக இணைத்த லித்தியம் பாலிமர் பேட்டரி), கேமராவோடு சேர்த்து ஒன்றரைக் கிலோ எடை என்று கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். 2212 மோட்டாரில் 1000 கேவியும் 2200 கேவியும் ஒரே விலைக்குக் கிடைக்கின்றன, பெரிய எண்ணை எடுத்தால் அதிகம் தூக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தூக்காது. கருகும்.

கேவி என்றதும் பலர் கிலோவோல்ட் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மோட்டாரின் வலிமைக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. சுமை எதுவும் இல்லாமல் ஒரு வோல்ட் கொடுத்தால் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றும் என்பதுதான் கேவி. உங்கள் பேட்டரியின் பெயரளவான 11.1 வோல்ட்டில் முதலாவது சுமார் 11,000 முறை சுற்றும். இரண்டாவது 24,000-ஐத் தாண்டும். இரண்டுக்கும் உடல் ஒன்றுதான், 2212 என்பது உள்ளே கம்பி சுற்றியிருக்கும், சுழலாத பகுதியான ஸ்டேட்டரின் அளவு: 22 மி.மீ. விட்டம், 12 மி.மீ. உயரம். கம்பி சுற்றிய விதம்தான் வேறு. கேவி ஏற ஏற, ஓர் ஆம்பியருக்குக் கிடைக்கும் முறுக்குவிசை அதே விகிதத்தில் இறங்கும். 2200 கேவி மோட்டார் 6 அங்குல புரொப்பெல்லரோடு சிறிய மாதிரி விமானங்களில் பறப்பதற்கானது. அதில் 10 அங்குலத்தை மாட்டினால், எட்டவே முடியாத வேகத்தை எட்டப் பார்த்து மின்னோட்டத்தை வாரி இழுக்கும். மோட்டார் சுருளோ, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சியோ, எது முந்திக்கொள்கிறதோ அது போய்விடும்.

பெரும்பாலான மாணவர் குழுக்கள் மோட்டாரை முதலில் வாங்கிவிட்டு, பிறகு அதற்கேற்ற புரொப்பெல்லரைத் தேடுகின்றன. வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் எடை, அடுத்து புரொப்பெல்லர், கடைசியில் மோட்டார்.

காரணம் இதுதான். ஒன்றரைக் கிலோவை நான்கு மோட்டார்கள் தாங்க வேண்டுமென்றால், அந்தரத்தில் நிற்க மட்டுமே ஒவ்வொன்றும் 375 கிராம் தூக்க வேண்டும். அந்த 375 கிராமை 10 அங்குல புரொப்பெல்லரால் தூக்க, இழப்பே இல்லாத கற்பனைக் கணக்கில் சுமார் 20 வாட் போதும். 5 அங்குலத்தால் தூக்க 40 வாட் வேண்டும். விட்டம் பாதியானால் செலவாகும் திறன் இரண்டு மடங்கு. நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவது மலிவு, கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளுவது செலவு. நடைமுறையில் மோட்டார் இழப்பு, புரொப்பெல்லர் இழப்பு எல்லாம் சேர்ந்து அந்த 20 வாட் ஏறத்தாழ 40 ஆகும். நான்குக்கும் 160 வாட். 5000 எம்ஏஎச் பேட்டரியில் ஐந்தில் நான்கு பங்கை மட்டும் பயன்படுத்தினால் கால் மணி நேரம் பறக்கலாம்.

அப்படியானால் 12 அங்குலம் போடலாமே என்று கேட்பீர்கள். 450 மி.மீ. என்பது மூலைக்கு மூலை அளவு. பக்கத்துப் பக்கத்து மோட்டார்களின் இடைவெளி 318 மி.மீ.தான். 12 அங்குலம் என்றால் 305 மி.மீ.; நுனிகளுக்கிடையே 13 மி.மீ. மிஞ்சும். பிளாஸ்டிக் கைகள் வளைந்து அதிரும் சட்டகத்தில் நான் அதைப் போட மாட்டேன். 1045, அதாவது 10 அங்குல விட்டமும் 4.5 அங்குல பிட்சும் (ஒரு சுற்றில் கணக்குப்படி முன்னேறும் தூரம்) கொண்டது, இந்த எடைக்குப் போதும். பிட்ச் அதிகமானவை வேகமாகப் பறப்பவர்களுக்கு. நின்று படம் எடுக்கும் ட்ரோனுக்குத் தேவையில்லை. மூன்று இதழ் புரொப்பெல்லரும் இதற்கு வேண்டாம்.

முழு விசையில் ஒவ்வொரு மோட்டாரும் குறைந்தது 750 கிராம் தூக்க வேண்டும், அதாவது எடையைப் போல் இரு மடங்கு. இதை வீண் ஆடம்பரம் என்று எண்ண வேண்டாம். நிறைந்த 3எஸ் பேட்டரி 12.6 வோல்ட், தீரும் நேரத்தில், சுமையோடு, 10.5-க்கு இறங்கிவிடும். உந்துவிசை, சுற்றும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மாறுவதால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்கேயே காணாமல் போகும். மிச்சத்தில்தான் காற்றைச் சமாளிக்க வேண்டும், சாய்ந்து பறக்க வேண்டும்.

கடைக்காரர் தரும் உந்துவிசை அட்டவணையை நம்பி நான்கையும் வாங்காதீர்கள். ஒன்றை வாங்கிச் சோதியுங்கள். சமையலறைத் தராசின் மீது கனமான மரக்கட்டையை வைத்து அதன்மேல் மோட்டாரை இறுக்குங்கள். எழுத்துள்ள பக்கம் கீழே வருமாறு புரொப்பெல்லரைக் கவிழ்த்து மாட்டி, மோட்டாரின் மூன்று கம்பிகளில் ஏதாவது இரண்டை இடம் மாற்றினால் திசை திரும்பும். காற்று மேல்நோக்கிப் போகும், விசை தராசை அழுத்தும். கட்டை எகிறாது, மேசையில் மோதித் திரும்பும் காற்றும் அளவைக் கெடுக்காது. திசை மாறிச் சுற்றுவதால் நட் கழன்றுவிடாமல் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். புரொப்பெல்லர் சுற்றும் மட்டத்தில் யாரும் நிற்கக் கூடாது, கண்ணாடி அணியாமல் யாரும் அருகே வரக் கூடாது. கூடவே ஒரு வாட் மீட்டரை இணைத்து மின்னோட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டை, மோட்டார் எடை போக 375 கிராம் காட்டும் அளவில் இரண்டு நிமிடம் ஓட்டி, நிறுத்தித் தொட்டுப் பாருங்கள். விரலை வைத்திருக்க முடியவில்லை என்றால் அந்த மோட்டாருக்கு அந்த புரொப்பெல்லர் பெரிது.

ஈஎஸ்சியைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். சோதனையில் முழு விசையில் வந்த உச்ச மின்னோட்டத்தைவிடக் கால் பங்காவது கூடுதலாகத் தாங்குவதாக இருந்தால் சரி.

சோதித்துத் திருப்தியானபின் மேலும் நான்கு மோட்டார்கள் வாங்கி, ஐந்தாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கெட்டபின் அதே பெயரில் வாங்கினாலும் அதே போலச் சுற்றும் என்று சொல்ல முடியாது. புரொப்பெல்லரை வலம் சுற்றுவதும் இடம் சுற்றுவதுமாகக் குறைந்தது மூன்று ஜோடிகள் கூடுதலாக வாங்குங்கள். முதல் வாரத்திலேயே அவை தீர்ந்துவிடும்.