ஜவ்வுக்கு ஓய்வு, மூட்டுக்கு நடை: குதிரை நொண்டல் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் குதிரை நொண்டல் பற்றியவைதான் அதிகம். எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே விஷயத்துக்கு வருவதால் அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்களிடம் 11 வயதுப் பெண் குதிரை இருக்கிறது, மார்வாரி இனம். வலது முன்னங்காலில் மூன்று மாதமாக நொண்டல். எக்ஸ்ரேயில் குளம்புக்குள் இருக்கும் மூட்டில் தேய்மானம் என்று வந்தது. ஸ்கேன் பார்த்த டாக்டர், மூட்டின் வெளிப்பக்க ஜவ்விலும் காயம் என்கிறார். கட்டிப்போட்டு வை என்கிறார் ஒருவர். கட்டிப்போட்டால் மூட்டு இறுகிவிடும், நடக்கவிடு என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது, டாக்டர்? (ஈரோடு மாவட்ட வாசகர்)

பதில்: இரண்டு பேருமே பாதி சரி. உங்கள் குதிரைக்கு வந்திருப்பது இரண்டு நோய், ஒன்றுக்கு ஆகிற வைத்தியம் இன்னொன்றுக்கு ஆகாது, சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

குளம்புக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உள்ளே குளம்பு எலும்பு, அதன் மேல் குட்டையான இன்னொரு எலும்பு, பின்பக்கம் படகு வடிவத்தில் ஒரு சின்ன எலும்பு. இந்த மூன்றும் சேருகிற இடம்தான் குளம்பு மூட்டு. அந்த மூட்டை இரு பக்கமும் இழுத்துப் பிடித்திருப்பவை பக்கவாட்டு ஜவ்வுகள், டாக்டர்கள் லிகமென்ட் என்று சொல்வது. குதிரை நேராக நடக்கும்போது இவற்றுக்குப் பெரிய வேலை இல்லை. சட்டென்று திரும்பும்போது, ஒரு பக்கம் கல்லில் மிதிக்கும்போது, சின்ன வட்டத்தில் சுற்றும்போது மூட்டு பக்கவாட்டில் சாய்ந்து முறுக்கிக்கொள்ளும், அப்போது முழுப் பாரமும் ஒரு பக்க ஜவ்வில் விழும். குதிரையின் எடையில் சுமார் 60 சதவீதத்தை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

ஜவ்வு கிழிந்தால் மூட்டின் பிடிமானம் தளரும், தளர்ந்த மூட்டு சீக்கிரம் தேயும். அதனால் இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வம் இல்லை. ஜவ்வு ஆற ஓய்வு வேண்டும், ஏனென்றால் அது இழை பிரிந்த கயிறு மாதிரி, புது இழை பிடிப்பதற்குள் இழுத்தால் இன்னும் பிரியும். தேய்ந்த மூட்டுக்கோ அசைவு வேண்டும், நாள் முழுக்கக் கட்டியே வைத்தால் அது விறைத்துப்போகும். இரண்டுக்கும் பொதுவாக ஒத்துவருவது ஒன்றே ஒன்றுதான்: கெட்டியான, சமமான தரையில், நேர்கோட்டில், கையில் பிடித்து, மெதுவாக நடத்துவது. மருந்து, ஊசி, லாடம் எல்லாம் இதற்குத் துணை.

நடையை எப்படிக் கூட்டுவது? என் வழக்கத்தைச் சொல்கிறேன், உங்கள் டாக்டர் குதிரையைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். முதல் சில வாரம் கொட்டிலில் ஓய்வு, காலையும் மாலையும் ஐந்திலிருந்து பத்து நிமிட நடை மட்டும். நொண்டல் கூடாமல் இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் சேர்க்கலாம். மூன்று மாத வாக்கில் அரை மணி நேரத்தைத் தாண்டும். அப்போது மறுபடி டாக்டர் பார்த்து, வலி மருந்து இல்லாமலே நேராக நடக்கிறது என்று உறுதியானால்தான் டிராட் என்கிற மெல்லோட்டம், அதுவும் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று. வட்டம் சுற்றுவது எல்லாவற்றுக்கும் கடைசி. மொத்தத்தில் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும், இதில் அவசரப்பட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டிவரும். ஆழமான மணல் மெத்தென்று இருப்பதால் காலுக்கு நல்லது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஜவ்வுக் காயத்துக்கு அது ஆகவே ஆகாது, குளம்பு எந்தப் பக்கம் புதையும் என்று சொல்ல முடியாது. வண்டி வராத நேரத்தில் ஊர்த் தார் ரோட்டில் நடத்துவது எவ்வளவோ மேல். ஆனால் தார் ரோட்டில் ஓட விடக் கூடாது, தேய்ந்த மூட்டுக்கு அந்த அதிர்வு ஆகாது.

தினமும் கவனிக்க வேண்டியவை சில. குதிரையை எதிரே வரச் சொல்லித் தலையைப் பாருங்கள்: நல்ல கால் தரையில் பட்டதும் தலை கீழே இறங்கும், வலிக்கிற கால் படும்போது மேலே தூக்கும். அப்புறம் குளம்பும் தோலும் சேருகிற விளிம்பில் கையை வைத்து, இரண்டு முன்னங்கால்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வலது காலில் வெளிப்பக்கம் மட்டும் சூடாகவோ விரல் அளவுக்குப் புடைப்பாகவோ இருந்தால், நேற்று நடந்தது அதிகம் என்று அர்த்தம். நல்ல காலையும் விட்டுவிடாதீர்கள், இத்தனை மாதம் கூடுதல் பாரம் சுமப்பது அதுதான். கொட்டிலில் உமியோ மரத்தூளோ தாராளமாகப் பரப்பிவையுங்கள்.

கேள்வி: எக்ஸ்ரே எடுத்தோம், எலும்பில் ஒன்றும் இல்லை என்றார்கள். ஆனாலும் நொண்டுகிறது. அப்படியானால் வேறு என்ன? (கோவை வாசகி)

பதில்: எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், ஜவ்வைக் காட்டாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனிலும் குளம்பு ஓட்டைத் தாண்டிப் பார்க்க முடியாது, பக்கவாட்டு ஜவ்வின் மேல் பாகம் மட்டும் விளிம்புக்கு மேலே தெரியும். முழுதாகத் தெரிய எம்ஆர்ஐ வேண்டும், அது எல்லா ஊரிலும் கிடைக்கிற விஷயம் இல்லை. அதற்காக மனம் தளர வேண்டாம். நரம்பை மரக்கவைக்கும் ஊசியைக் கணக்காகப் போட்டால் வலி எந்த இடத்தில் என்று நன்றாகவே குறுக்கிவிடலாம். ஆனால் அதற்கும் முன்னால், குளம்பைச் சுத்தம் செய்து இடுக்கியால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். திடீர் நொண்டலுக்கு முக்கால்வாசி நேரம் காரணம் குளம்புக்குள் சீழ், அல்லது ஏறிய ஆணி. ஆணி என்றால் டெட்டனஸ் ஊசி தள்ளிப்போடக் கூடாது, வீட்டு விலங்குகளில் குதிரையைத்தான் அது மிக எளிதாகப் பிடிக்கும். வேப்பேரி, நாமக்கல் போன்ற கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோக முடிந்தால் போங்கள். போகும்போது எந்த மருந்து எந்தத் தேதியில் போட்டது என்ற சீட்டையும் எடுத்துப் போங்கள்.

கேள்வி: லாடம் மாற்றினால் நொண்டல் போகுமா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: லாடம் மட்டும் போதாது, ஆனால் லாடம் தப்பாக இருந்தால் மற்றது எதுவும் வேலை செய்யாது. நம் பக்கத்தில் நான் அடிக்கடி பார்ப்பது முன்பக்கம் நீண்டு, குதி தாழ்ந்துபோன குளம்பு. முனை நீளமாக இருந்தால் ஒவ்வோர் அடியிலும் குளம்பு தரையை விட்டு எழும்பத் தாமதமாகும், மூட்டும், தசையை எலும்போடு இணைக்கிற காலின் பின்பக்க நாரும் அதற்கு விலை கொடுக்கும். முனையைக் குறைத்து, லாடத்தின் முன்விளிம்பை உருட்டிவிடச் சொல்லுங்கள். பக்கவாட்டு ஜவ்வுக் காயத்துக்கு, காயம் உள்ள பக்கம் தகடு அகலமாக வைத்த லாடம் உதவும், மண் தரையில் அந்தப் பக்கம் குறைவாகப் புதையும் என்பதால். பின்பக்க நாரில் காயம் என்றால் குதியைக் கொஞ்சம் உயர்த்துவது உண்டு, ஆனால் அதை டாக்டரும் லாடம் அடிப்பவரும் எக்ஸ்ரேயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசி முடிவு செய்ய வேண்டும். நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவியே ஆக வேண்டும். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் வளரும், முனை முழுதாகப் புதிதாக வர கிட்டத்தட்ட ஒரு வருடம், அதனால் ஒரே நாளில் சரியான வடிவம் கொண்டுவருகிறேன் என்று யாராவது ஆழமாகச் செதுக்க வந்தால் தடுத்துவிடுங்கள்.

கேள்வி: பெரியவர்கள் சூடு போட்டால் நார் இறுகிவிடும் என்கிறார்கள். போடலாமா? (சிவகங்கை வாசகர்)

பதில்: வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் தசைநார் காயம் பட்ட குதிரைகளை வைத்து ஆராய்ந்து 1983இல் வெளியிட்டார்கள், சூடு போட்டதால் காயம் ஆறுவதில் பலன் இல்லை என்று. சூடு போட்ட பிறகு குதிரை தேறுவதைப் பார்த்திருக்கிறோமே என்பீர்கள். சூட்டுப் புண் ஆறும் வரை மாதக்கணக்கில் ஓய்வு கொடுத்தீர்கள் அல்லவா, அந்த ஓய்வுதான் தேற்றியது. அதே ஓய்வை வாயில்லா ஜீவனைச் சுடாமலே கொடுக்கலாம்.

கேள்வி: வலி ஊசி போட்டால் ஒரு வாரம் அருமையாக ஓடுகிறது, அப்புறம் பழையபடி நொண்டுகிறது. பந்தயம் வருகிறது, இன்னொரு ஊசி போட்டு ஓட்டலாமா? (தேனி வாசகர்)

பதில்: கூடாது. வலி குறைந்திருக்கிறது, கிழிசல் அப்படியே இருக்கிறது. வலி தெரியாத குதிரை தன் காலைத் தானே காப்பாற்றிக்கொள்ளாது, ஓட்டத்தின் நடுவில் மிச்ச ஜவ்வும் அறுந்தால் அதற்கு மேல் செய்ய ஒன்றும் இருக்காது. வலி மருந்து ஆரம்ப நாட்களிலும், மூட்டுத் தேய்மானத்தில் நடப்பதற்கு உதவியாகவும் தேவைதான். ஆனால் குதிரைக்கு வழக்கமாகப் போடும் வலி மருந்தான ஃபீனைல்பியூட்டசோன் அளவு மீறினாலும் நாள் நீண்டாலும் வயிற்றிலும் குடலிலும் புண் வரும், சிறுநீரகம் கெடும். ஒரே நேரத்தில் இரண்டு வலி மருந்து சேர்க்கவே கூடாது.

இன்னொன்று, மருந்துக் கடையில் கேட்டு வாங்கி டைக்ளோஃபெனாக் போடுகிற பழக்கம் இன்னும் ஒழியவில்லை. கால்நடைகளுக்கு அதை 2006லேயே இந்தியாவில் தடை செய்துவிட்டார்கள், கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் 2023இல் தடையானது. இந்த மருந்துகளில் ஒன்று உடம்பில் இருக்கும்போது இறந்த பிராணியைத் தின்றால் பிணந்தின்னிக் கழுகு சிறுநீரகம் செயலிழந்து சாகிறது. மாயாறு பள்ளத்தாக்கில் நமக்கு மிஞ்சியிருப்பது கொஞ்சம் கழுகுகள்தான். மெலாக்சிகாம் கழுகுக்கு ஆபத்தில்லாதது, அதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி பற்றியும் கேட்டிருந்தீர்கள். தேய்மானம் மட்டும் இருந்தால் நல்ல பலன் தரும். ஜவ்வும் கிழிந்திருக்கும்போது ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்பதால் ஆரம்பத்தில் நான் அதைத் தவிர்ப்பேன். குண்டுக் குதிரைக்கு ஸ்டீராய்டால் குளம்பு அழற்சி வரும் அபாயமும் உண்டு.

கேள்வி: மூட்டு தானாக ஒட்டிக்கொண்டால் வலி போய்விடும் என்கிறார்களே? (மதுரை வாசகர்)

பதில்: அது குளம்புக்கு மேலே உள்ள மூட்டுக்குப் பொருந்தும். அதில் இயல்பாகவே அசைவு குறைவு, ஒட்டிக்கொண்டாலும் குதிரை நன்றாகவே நடமாடும், ஆபரேஷன் செய்து ஒட்டவைப்பதும் உண்டு. குளம்பு மூட்டை அப்படி நம்பிக் காத்திருக்க முடியாது. எந்த மூட்டில் தேய்மானம் என்று சீட்டில் தெளிவாக எழுதி வாங்குங்கள்.

கேள்வி: ஓய்வில் இருக்கும் குதிரைக்கு என்ன தீனி? இப்போது தவிடு, கொள்ளு, கோ-4 புல் போடுகிறோம். (நாமக்கல் வாசகி)

பதில்: நல்ல கேள்வி, இதை யாரும் கேட்பதில்லை. வேலை இல்லாத குதிரைக்குக் கொள்ளையும் தானியத்தையும் பாதிக்குக் கீழே கொண்டுவாருங்கள், உடம்பு ஏறினால் அத்தனையும் அந்தக் காலில்தான் இறங்கும். நான் அதிகம் கவலைப்படுவது தவிடும் கோ-4ம் சேர்வதைப் பற்றி. தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. கோ-4 போன்ற கம்பு நேப்பியர் புல்லில் ஆக்சலேட் இருக்கிறது, அது இருக்கிற கொஞ்சம் சுண்ணாம்புச் சத்தையும் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். மாட்டின் முன்வயிற்றில் ஆக்சலேட் பெரும்பாலும் சிதைந்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. மாதக்கணக்கில் இப்படிப் போனால் உடல் எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்க ஆரம்பிக்கும், முகம் வீங்கும், நொண்டல் இன்று ஒரு கால் நாளை ஒரு கால் என்று மாறும். ஜவ்வுக் காயம் என்று நினைத்து வைத்தியம் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள், காரணம் தீனித் தொட்டியில் இருக்கும். தவிட்டை நிறுத்துங்கள். புல்லில் ஒரு பங்கைக் குறைத்துக் குதிரைமசாலோ வேலிமசாலோ கொடுங்கள், இரண்டிலும் சுண்ணாம்புச் சத்து உண்டு. எதை மாற்றினாலும் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் வயிற்றுவலி வந்து நிற்கும். தண்ணீர் எப்போதும் முன்னால் இருக்க வேண்டும்.

கேள்வி: இனி ஓடாது என்றால் குட்டி போட விடலாமா? (ஈரோடு வாசகரே கேட்ட இன்னொரு கேள்வி)

பதில்: விடலாம், ஆனால் இந்த வருடம் வேண்டாம். சினைக் காலம் சுமார் 11 மாதம், கடைசி மாதங்களில் ஏறும் எடை அந்த வலது காலுக்குச் சோதனை. வலி மருந்து இல்லாமல் தினமும் அரை மணி நேரம் நொண்டாமல் நடக்கிற நிலைக்கு அது வரட்டும். அப்புறம் குளம்பு மூட்டை மறுபடி ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பழையதோடு ஒப்பிடுங்கள், தேய்மானம் கூடாமல் நின்றிருந்தால் அடுத்த பருவத்தில் விடுங்கள்.