வீட்டுக்கல்வி: படிவம் 1 முதல் 3 வரை (இடைநிலைப்பள்ளியின் முதல் மூன்று ஆண்டுகள்)
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகன் இவ்வாண்டு தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடிக்கிறான். படிவம் 1 முதல் வீட்டிலேயே படிக்க வைக்கலாமா? தேர்வுக்கு என்ன வழி? – வாசகி, செந்தூல்

பதில்: முதலில் சட்டம். மலேசியாவின் 1996ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தின் 29ஏ பிரிவு 2003 முதல் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கியது. மீறினால் 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 2025இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய திருத்தம் இந்தக் கடமையை இடைநிலைப்பள்ளிக்கும் நீட்டிக்கிறது. அதனால் மகனுக்குப் படிவம் 1 இடத்தை வேண்டாம் என்று சொல்வதற்கு முன், மாவட்டக் கல்வி அலுவலகத்தில் எழுத்து மூலம் விளக்கம் கேளுங்கள். வாய்மொழிப் பதிலை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

தேர்வைப் பொறுத்தவரை, படிவம் 3இல் எழுதிவந்த பிடி3 தேர்வு 2022இல் நீக்கப்பட்டுவிட்டது. அதன் பிறகு, படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். வரை பொதுத்தேர்வு இல்லாமல் போனது. வீட்டில் படிக்கும் பிள்ளைகள் சறுக்குவது இந்த இடைவெளியில்தான். பின்தங்குவது மூன்று ஆண்டுகளுக்கு யார் கண்ணிலும் படாது. பருவத்துக்கு ஒரு முறை, அவனுக்குப் பாடம் சொல்லித்தராத வேறொருவரைக் கொண்டு நேரம் வைத்துத் தேர்வு நடத்துங்கள்.

மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழ் இல்லை. ஐ.ஜி.சி.எஸ்.இ. (பிரிட்டனின் அனைத்துலகத் தேர்வு) பாதையில் போகும் பிள்ளைகளும் பின்னாளில் அரசாங்க வேலை தேடினால் எஸ்.பி.எம். மலாய் தேவைப்படும், அந்த ஒரு பாடத்தைத் தனித் தேர்வாளராக எழுதலாம். கட்டுரையோடு பேச்சுத் தேர்வும் கேட்டல் தேர்வும் உண்டு. வீட்டில் தமிழும் ஆங்கிலமும் மட்டும் புழங்கினால் பேச்சில் தடுமாற்றம் வரும். தினமும் 45 நிமிடம் மலாய்க்கு ஒதுக்குங்கள்; அதில் 10 நிமிடம் வாய்விட்டுப் பேசட்டும்.

கேள்வி: மகள் எண்களில் கெட்டிக்காரி. ஆனால் சமன்பாடு என்றால் தப்பும் தவறுமாகப் போடுகிறாள். – வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: "அந்தப் பக்கம் போனால் குறி மாறும்" என்று மனப்பாடம் செய்த பிள்ளைகள் 3ப = 12 என்பதை ப = 12 − 3 = 9 என்று எழுதுவார்கள். 'போகும்' என்ற பேச்சையே சிறிது காலம் நிறுத்துங்கள். இரு பக்கத்தையும் 3ஆல் வகுத்ததாக ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். விடையைத் திரும்பப் போட்டுச் சரிபார்க்கட்டும்: 3 × 9 = 27 என்றதும் தவறு தானே தெரியும். −3 − (−5), 2/3 + 1/4 போன்ற 20 கணக்குகளையும் கால்குலேட்டர் இல்லாமல் கொடுத்துப் பாருங்கள். அதில் தடுமாறினால் சமன்பாட்டை ஒதுக்கிவிட்டு, எதிர்மறை எண்ணுக்கும் பின்னத்துக்கும் ஒரு மாதம் கொடுங்கள்.

கேள்வி: ஆய்வுக்கூடம் இல்லாமல் அறிவியல்? – வாசகி, ஜெலுத்தோங்

பதில்: ஐ.ஜி.சி.எஸ்.இ. இயற்பியல், வேதியியல், உயிரியலில் செய்முறைக்குப் பதிலாக எழுத்துத் தாள் ஒன்று உண்டு. ஆனால் கருவியைத் தொட்டறியாத பிள்ளை அதிலும் திணறும். ஒரு பூட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு ஊசல் செய்யுங்கள். நீளத்தை 25, 50, 75, 100 செ.மீ. என மாற்றி, ஒவ்வொன்றுக்கும் 20 அலைவுகளின் (போய்த் திரும்பினால் ஓர் அலைவு) நேரத்தை எடுத்து 20ஆல் வகுக்க வேண்டும். 25 செ.மீ.க்குச் சுமார் 1 விநாடியும், 100 செ.மீ.க்குச் சுமார் 2 விநாடியும் வர வேண்டும். விடை விலகினால் பெரும்பாலும் காரணம் இரண்டு: நீளத்தைப் பூட்டின் நடுப்பகுதி வரை அளக்காமல் முடிச்சோடு நிறுத்துவது, நூலை அதிகம் இழுத்து விடுவது. அட்டவணையில் அலகு எழுதாவிட்டால் மறுபடி எழுதச் சொல்லுங்கள்; தேர்விலும் மதிப்பெண் அங்கேதான் போகிறது.