ஏமாற்று வேலைக்கான ஆங்கிலச் சொற்களை ஃபின்னிஷில் எப்படிச் சொல்வார்கள்?

'ஃபிராட்' என்பதற்கு ஃபின்னிஷில் 'பெத்தொஸ்'. சட்டச்சொல் அதுதான், ஃபின்லாந்து குற்றவியல் சட்டத்தின் 36ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. போலி மெசேஜ் அனுப்பிக் காசு பறிக்கிற 'ஸ்கேம்' பேச்சு வழக்கில் 'ஹுய்யாவுஸ்'. 'டிரிக்' என்பது 'தெம்ப்பு', சரி, அதில் பெரிதாக ஒன்றுமில்லை.

எனக்குப் பிடித்தது 'பெத்தா' என்ற வினைச்சொல். ஏமாற்றுவதும் இதுதான், துணைக்குத் துரோகம் செய்வதும் இதுதான். உறைந்த ஏரியில் நடக்கும்போது காலடியில் பனி உடைந்தாலும் இதே சொல்தான்! ஆங்கிலத்தின் 'சீட்' அவ்வளவு தூரம் போகாது.

அப்புறம் 'வெதா நெனாஸ்தா' என்றொரு வழக்கு உண்டு. நேர்ப்பொருள் மூக்கைப் பிடித்து இழுப்பது. ஆங்கிலத்தில் மூக்கைப் பிடித்து நடத்தினால் ஒருவரை ஆட்டிவைப்பதாக அர்த்தம். ஃபின்லாந்துக்காரர்களுக்கோ அது ஏமாற்றுவது, நம்மூரில் காதில் பூச்சுற்றுவது மாதிரி.