பூட்டானில் தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் கட்டணம் எதற்கு?

பூட்டானுக்குச் செல்லும் இந்தியர் ஒருவர், அங்கே தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் 1,200 ரூபாயை அந்நாட்டு அரசுக்குச் செலுத்த வேண்டும். இதற்கு 'நீடித்த வளர்ச்சிக் கட்டணம்' என்று பெயர். பிற நாட்டினர் பெரும்பாலோருக்கு இது 2023 செப்டம்பர் முதல் 100 டாலர்.

1974-இல்தான் வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கதவு திறந்த சிறிய நாடு அது. கூட்டம் பெருகினால் மலைப்பாதையும் காடும் மடாலயமும் தாங்காது என்பதால், குறைவான பேர் வந்தாலும் அவர்களால் நாட்டுக்குக் கூடுதல் பயன் கிடைக்கட்டும் என்பதே தொடக்கம் முதல் அதன் கொள்கை. நாட்டின் 60 விழுக்காடு நிலம் என்றென்றும் காடாகவே இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே எழுதியவர்கள் அவர்கள். ஊர்ப் பொதுக் கிணற்றில் நீர் இறைக்கும் எல்லோரும் தூர்வாரும் செலவில் பங்கு கொடுப்பதைப் போன்றதுதான் இக்கட்டணம். அரசு அலுவலகங்கள் இன்றும் இயங்கும் புனாக்கா கோட்டை வாசலில், முழங்கால்வரை மடித்துக் கட்டிய 'கோ' அங்கியின் மேல் வெள்ளைத் துண்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போகும் அலுவலரைப் பார்த்தால், காக்கப்படுவது காட்சிப்பொருள் அன்று, அன்றாட வாழ்க்கை என்பது விளங்கும். எனக்கு இக்கட்டணம் நியாயமாகவே படுகிறது.

இத்தொகைக்குள் விடுதியும் உணவும் அடங்கிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அவற்றுக்குத் தனியாகவே செலவிட வேண்டும்.