ஸ்மார்ட் சிக்னலுக்கு நகராட்சி பணம் ஒதுக்குவது வீண் செலவா?

கேள்வி இதுதான்: முக்கியச் சாலைகளில் உள்ள சிக்னல்களை எல்லாம் ஒரே டெண்டரில் 'ஸ்மார்ட்' ஆக்க நகர நிர்வாகம் பெரிய தொகை ஒதுக்கப் போகிறது. இது தேவையா? தேவை என்றால் பணம் எங்கிருந்து வர வேண்டும்?

சிக்னல் டைமிங் போடும் வேலையில் ரொம்ப காலம் இருந்தவன் நான். தொழில்நுட்பம் பொய்யில்லை, வீண் செலவும் இல்லை. ஆனால் வாங்குவதற்கு மட்டும் பணம் ஒதுக்கிவிட்டு, பிறகு அதை ஓட்டுவதற்கு ஒன்றும் ஒதுக்காத திட்டம் என்றால் தாராளமாக எதிர்க்கலாம்.

சாதாரண சிக்னலில் காலை, மதியம், மாலை, இரவு என்று முன்கூட்டியே எழுதி வைத்த டைமிங் ஓடும். ஸ்மார்ட் சிக்னலில் ரோட்டில் எத்தனை வண்டி நிற்கிறது, எத்தனை வந்துகொண்டிருக்கிறது என்று பார்த்து, விளக்குகளை இயக்கும் பெட்டியான கன்ட்ரோலரே பச்சை நேரத்தைக் கூட்டும், குறைக்கும். இதைப் புரட்சி என்று யாராவது விற்க வந்தால் நம்பிவிட வேண்டாம். டொரான்டோ 1963-லேயே கம்ப்யூட்டரை வைத்து சிக்னல்களை இயக்கியது. வண்டியைப் பார்த்து டைமிங்கை மாற்றும் சிஸ்டங்களான சிட்னியில் பிறந்த ஸ்காட்ஸ், பிரிட்டனில் பிறந்த ஸ்கூட் இரண்டும் 1970-களின் சரக்கு, இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இப்போது மாறியிருப்பது கேமராவின் விலையும் கம்ப்யூட்டரின் வேகமும்.

பலன் உண்டா? உண்டு. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் 2012-ல் 9 சந்திப்புகளில் சர்ட்ராக் என்ற முறையைப் போட்டுப் பார்த்தார்கள். பயண நேரம் சுமார் 25 சதவீதமும், சிக்னலில் காத்திருக்கும் நேரம் சுமார் 40 சதவீதமும் குறைந்ததாகச் சொன்னார்கள். டெண்டர் போட வருகிறவர்கள் இப்படிப்பட்ட எண்களைத்தான் முதல் பக்கத்தில் வைப்பார்கள். ஆனால் ஏற்கெனவே டைமிங் ஒழுங்காகப் போட்டிருந்த சாலையில் அவ்வளவு லாபம் வராது. அடுத்த சந்திப்பு வரைக்கும் சாலை நிரம்பி நின்றால் ஒன்றுமே வராது. பச்சை விழுந்தாலும் வண்டி போக இடம் வேண்டுமே.

இனி நான் அதிகம் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன்: டிடெக்டர். கன்ட்ரோலருக்குக் கண் அதுதான். பழைய முறையில் தார் ரோட்டைக் கீறி உள்ளே கம்பிச் சுருள் புதைப்பார்கள். அதற்கு லூப் என்று பெயர். வண்டியின் உலோகம் மேலே வந்தால் அது உணரும். ரோடு போடும் ஒப்பந்தக்காரர் மேல்தாரைச் சுரண்டும்போது கம்பி அறுந்துவிடும். சிக்னல் பிரிவுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். லூப் செத்தால் கன்ட்ரோலர் பாதுகாப்புக்காக 'அங்கே எப்போதும் வண்டி நிற்கிறது' என்று வைத்துக்கொள்ளும். விளைவு, ஒரு ஈ காக்கை இல்லாத குறுக்குச் சாலைக்கு ஒவ்வொரு சுற்றிலும் முழுப் பச்சை. மெயின் ரோட்டில் நிற்பவர்கள் சிக்னலைத் திட்டுவார்கள். கேமராவுக்கு மாறினால் தார் பிரச்சினை போகும், வேறு பிரச்சினை வரும். சாயங்கால வெயில் நேராக லென்ஸில் விழும், தூசி படியும், சிலந்தி வலை பின்னும். சிலந்தியை எந்த செயற்கை நுண்ணறிவும் விரட்டாது. ஏணியோடு ஓர் ஆள் போய்த் துடைக்க வேண்டும்.

அந்த ஆளின் சம்பளம் பட்ஜெட்டில் எந்தத் தலைப்பில் வருகிறது என்பதுதான் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில். மானியமும் கடனும் பெரும்பாலும் மூலதனச் செலவுக்குத்தான் கிடைக்கும்: பெட்டி, கம்பம், கேமரா, கட்டுப்பாட்டு அறை. அறையில் பெரிய திரை வைத்தால் திறப்பு விழாவும் நடக்கும், போட்டோவும் வரும். டைமிங் இன்ஜினியர், டெக்னீஷியன், நெட்வொர்க் கட்டணம், சாஃப்ட்வேர் உரிமம் எல்லாம் வருடா வருடம் வரும் செலவு. அதற்கு ரிப்பன் வெட்ட யாரும் வரமாட்டார்கள். உத்தரவாதக் காலம் முடிந்த பிறகுதான் கதை தெரியும். டிடெக்டர்கள் ஒவ்வொன்றாகச் சாகும், கடைசியில் யாரோ சிக்னலைப் பழைய டைமிங்குக்கே மாற்றிவிட்டுப் போவார்கள்.

இதில் எரிச்சலான வேடிக்கை என்னவென்றால், எதையும் புதிதாக வாங்காமல், ஏற்கெனவே இருக்கிற சிக்னலின் டைமிங்கை மறுபடி கணக்குப் போட்டு மாற்றுவதுதான் ரொம்ப மலிவான வேலை. செலவழித்த 1 டாலருக்கு 40 டாலர் வரை பலன் என்பது அமெரிக்க நெடுஞ்சாலைத் துறை வட்டாரத்தில் அடிக்கடி சொல்லப்படும் கணக்கு. பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் நல்ல லாபம்தான். அதனால் புது சிஸ்டத்தின் பலனை அளக்கும்போது, பத்து வருடம் யாரும் தொடாத டைமிங்கோடு ஒப்பிட விடாதீர்கள். முதலில் டைமிங்கைச் சரிசெய்யட்டும், அப்புறம் ஒப்பிடட்டும்.

சரி, பணம் எங்கிருந்து? எனக்குப் பிடித்த ஒரு வழி, பழைய குண்டு பல்பை எடுத்துவிட்டு எல்இடி போடுவது. 100 வாட்டுக்கு மேல் இழுத்த விளக்கு பத்துப் பதினைந்து வாட்டில் எரியும். மிச்சமாகும் மின் கட்டணத்தை அப்படியே பராமரிப்புத் தலைப்புக்குத் திருப்பலாம். எல்இடி ஏற்கெனவே போட்டாயிற்று என்றால் இந்த வழி அடைபட்டது. பார்க்கிங் கட்டணத்தில் ஒரு பங்கை ஒதுக்குவதும் நியாயமே. சாலையைப் பயன்படுத்துபவர் தரும் பணம் சாலைக்கே போகிறது.

சிக்னல் மீறும் அபராதத்தில் திட்டத்தை ஓட்டலாம் என்ற யோசனையைத் தொடவே வேண்டாம். ஜனங்கள் ஒழுங்காக நிற்க ஆரம்பித்தால் வருமானம் விழும். வருமானம் விழாமல் பார்த்துக்கொள்ள மஞ்சள் நேரத்தைக் கொஞ்சம் சுருக்கினால் என்ன என்று யாருக்காவது தோன்றும். மஞ்சளைக் குறைப்பது உயிரோடு விளையாடுவது.

தனியார் முதலீடு செய்து வருமானத்தில் பங்கு எடுப்பதென்றால் ஒப்பந்தக் காலத்தைப் பாருங்கள். சிகாகோ 2008-ல் தன் பார்க்கிங் மீட்டர்களை 75 வருடத்துக்கு, ஏறக்குறைய 115 கோடி டாலருக்கு ஒரு தனியார் நிறுவனத்திடம் கொடுத்துவிட்டது. இப்போது ஒரு தெருவில் பார்க்கிங்கை எடுத்துவிட்டு வேறு ஏதாவது செய்ய நினைத்தால் நிறுவனத்துக்கு நகரம் நஷ்ட ஈடு தர வேண்டிய நிலை. அது மீட்டர், இது சிக்னல்தான். ஆனால் நாளைக்கு ஒரு பஸ் தடம் போடுவதற்குக்கூட வெளியாளிடம் அனுமதி கேட்கும் நிலை இரண்டிலும் வரலாம்.

எவ்வளவு பணம் என்பதோடு எந்த வரிசையில் தருவது என்பதும் முக்கியம். அமெரிக்காவில் 2021-ல் வந்த உள்கட்டமைப்புச் சட்டத்தில் ஸ்மார்ட் என்ற பெயரிலேயே ஒரு மானியம் வைத்தார்கள். 2022 முதல் 2026 வரை 5 நிதியாண்டுகள், ஆண்டுக்கு 10 கோடி டாலர். முதல் கட்டத்தில் திட்டமிட்டு மாதிரி செய்து பார்க்க ஒரு திட்டத்துக்கு 20 லட்சம் டாலர் வரைதான். அதைச் செய்து காட்டியவர்கள்தான் இரண்டாம் கட்டத்தின் 1.5 கோடி டாலர் வரை கேட்க முடியும் என்று வைத்தார்கள். இந்த அமைப்பு எனக்குச் சரியாகப் படுகிறது. உங்கள் நிர்வாகமும் நகரம் முழுக்க ஒரே டெண்டர் என்பதை விட்டு, அடுத்தடுத்து இருக்கும் ஏழெட்டு சந்திப்புகளில் ஒரு வருடம் ஓட்டிப் பார்க்கலாம்.

கூட்டத்தில் பேச வாய்ப்புக் கிடைத்தால் நான்கைந்து விஷயம் கேளுங்கள். வேறு கம்பெனியின் கன்ட்ரோலரை இதே சிஸ்டத்தில் மாட்ட முடியுமா? சிஸ்டம் சேகரிக்கும் வண்டி எண்ணிக்கைத் தரவு யாருக்குச் சொந்தம்? கம்பெனி மூடிவிட்டால் சிக்னல் எதில் ஓடும்? உத்தரவாதம் முடிந்த பிறகு ஐந்து வருடப் பராமரிப்புத் தொகை இன்றைய டெண்டரிலேயே விலையாக எழுதப்பட்டிருக்கிறதா? அப்புறம், நடந்து கடப்பவர் எத்தனை விநாடி காத்திருக்கிறார் என்பதும் அளக்கப்படுமா? வண்டியை மட்டும் எண்ணும் சிஸ்டம் சுற்று நேரத்தை (ஒரு பச்சையிலிருந்து அடுத்த பச்சை வரை ஆகும் நேரம்) நீட்டிக்கொண்டே போகும், ஓரத்தில் நிற்பவர் அதன் கணக்கிலேயே வரமாட்டார்.